திரைவழி மூச்சுப் பயிற்சி: ஆசிரியருக்கு எது தெரியாது?

மாணவர்களே, தேர்வு நெருங்கும்போது நெஞ்சு படபடப்பது ஏன்? மூளை அதை ஆபத்தாகக் கருதி, அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. இதயத் துடிப்பும் மூச்சும் வேகமெடுக்கின்றன.

இத்தகைய மன அழுத்தத்தைக் கையாள, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். மூச்சையும் உடலையும் மாற்ற முயலாமல், உள்ளபடியே கவனிப்பதுதான் அதன் அடிப்படை. 8 வாரம் நீடிக்கும் இப்பாடம் இன்று இயங்கலையிலும் நடத்தப்படுகிறது.

வகுப்பறையில், உங்கள் தோள் இறுகியிருப்பதை ஆசிரியர் பார்த்தே அறிவார். திரையிலோ பெரும்பாலும் முகம் மட்டுமே தெரியும். ஆகவே, என்ன உணர்ந்தீர்கள் என்று அவர் கேட்பார். "நன்றாக இருந்தது" என்றால் போதாது. "தோள் வலித்தது, மனம் கணக்குப் பாடத்துக்கு ஓடியது" என உள்ளதைச் சொல்லுங்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, 10 மூச்சுகளை எண்ணுங்கள். இடையில் மனம் ஓடினால் தோல்வி அல்ல. ஓடியதைக் கண்டுகொண்டதே பயிற்சி. பதற்றம் கூடினால் உடனே நிறுத்திவிட்டு, பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கூறுங்கள். நீங்கள் சொல்லாதவரை, திரைக்கு அப்பால் இருப்பவருக்கு அது தெரியாமல் போகலாம்.