நாலு இறக்கை, ஒரு இடுப்பு மூட்டு

ஜுராசிக் பார்க்கில் சமையலறைக்குள்ள குழந்தைகளைத் தேடுமே ஒரு ராப்டர், ஞாபகம் இருக்கா? நிஜ வெலாசிராப்டர் வான்கோழி சைஸ்தான். உடம்பில் இறகும் உண்டு. மங்கோலியாவில் கிடைத்த ஒன்றின் முன்கை எலும்பில், இறகுகள் பிடித்திருந்த சின்னச் சின்ன மேடுகளை 2007-இல் கண்டுபிடித்தார்கள். படம் வந்தது 1993-இல். அதனால ஸ்பீல்பெர்க்கை மன்னிச்சிடலாம்.

இந்தக் குடும்பத்துக்கு டிரோமியோசாரிடே என்று பெயர். கால் இரண்டாம் விரலில் இருக்கும் அரிவாள் நகம்தான் அடையாளம். இதில் நாம பார்க்கப் போறது மைக்ரோராப்டர்: சீனாவின் லியாவோனிங் மாகாணம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், எடை ஏறக்குறைய ஒரு கிலோ. பறவை, மீன், பல்லி எல்லாவற்றையும் தின்றதற்கு அதன் வயிற்றுப் பகுதியிலேயே சாட்சி இருக்கு. 2003-இல் ஷூ ஷிங் குழு வெளியிட்ட புதைபடிவம்தான் எல்லோரையும் அசத்தியது. கையில் மட்டுமில்லை, காலிலும் நீளமான பறக்கும் இறகுகள். மொத்தம் நாலு இறக்கை!

சரி, பின் இறக்கையை எந்தக் கோணத்தில் வைப்பீங்க? கையில் இருப்பது கல்லில் நசுங்கித் தட்டையான எலும்புக்கூடு. டிராயிங் ஷீட்டில் ஒரே ஒரு வியூ கொடுத்த மாதிரி.

காலைப் பக்கவாட்டில் படுக்கையாக விரித்தால் நல்லா மிதக்கும். ஆனா டைனோசர் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் விதத்தில், அவ்வளவு விரித்தால் மூட்டு கழன்றுவிடும். அதனால் 2007-இல் சங்கர் சாட்டர்ஜியும் விமானப் பொறியாளர் டெம்ப்ளினும் காலை உடம்புக்குக் கீழே மடக்கி, இறக்கைகளை இரண்டு அடுக்காக வைத்தார்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானம் மாதிரி பைபிளேன்.

2010-இல் கான்சஸ் பல்கலைக்கழகக் குழு மாடல் செய்து பறக்கவிட்டுப் பார்த்தது. பைபிளேனும் கிட்டத்தட்ட நல்லாவே மிதந்தது, ஆனால் நிலையாகப் பறக்க நம்ப முடியாத அளவுக்குக் கனமான தலை வேண்டியிருந்தது. சென்டர் ஆஃப் கிராவிட்டி கணக்கு யாரை விட்டது! பக்கவாட்டில் விரிக்கலாம், ஆனால் மூட்டுக்காகப் பின் இறக்கை குறைந்தது 20 டிகிரி கீழே சாய்ந்திருக்கணும் என்றார்கள். மாடல்களின் சராசரி லிப்ட்-டிராக் விகிதம் 4.1. அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நாலு மீட்டர் முன்னால் போகும். விரித்த கால் மாடலின்படி உயிரோடிருந்த விலங்கின் வேகம் நொடிக்கு 10.6 மீட்டர், நம்ம பைக் ஊருக்குள்ள போற வேகம்.

2013-இல் சவுத்தாம்ப்டன் விண்ட் டனலில் வேறு ஒரு விஷயம் தெரிந்தது. அதிக லிப்ட் குணகத்தில் மிதக்கும்போதுதான் இது நிலையாக இருந்தது. டிராக் கூடும், தூரம் குறையும். ஆனா எடை மாறாதபோது குணகம் கூடினால் தேவையான வேகம் குறையும் இல்லையா? மெதுவாக வந்து இறங்கலாம். இன்னொன்று, அந்த நிலையில் இறக்கையின் நுணுக்கமான வடிவம் பெரிசா முக்கியமில்லை. நவீனப் பறவையின் இறக்கை வருவதற்கு முன்பே மிதக்க முடிந்திருக்கு.

இவை எல்லாம் இறக்கை அசையாத மாடல்கள். மைக்ரோராப்டர் இறக்கையடித்தும் பறந்திருக்கலாம் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதனால் வழக்கு இன்னும் முடியலை. தெர்மகோலில் ஒண்ணு செய்து ஹாஸ்டல் மொட்டை மாடியில் இருந்து விட்டுப் பார்க்கப் போறீங்களா? இடுப்பு மூட்டை மட்டும் ஏமாத்தாதீங்க.