‘எக்ஸ் என்க’ வேண்டாம்

கேள்வி: நெடுங்கேணியிலிருந்து தினமும் வவுனியாவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன். எம்.பி.ஏ. படிக்க ஆசை, ஜிமாற் பரீட்சைக்கு ஆயத்தமாகிறேன். கணக்குகள் விளங்குகின்றன, விடையும் சரிவருகிறது. ஆனால் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் போய்விடுகிறது. ‘இரண்டு இயந்திரம் சேர்ந்து செய்தால் எத்தனை மணித்தியாலம்’ என்று வந்தால் இன்னும் கூட. கையில் இருப்பது அக்கா தந்த பழைய புத்தகம். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் புத்தகத்தின் கேத்திரகணிதப் பகுதியை மூடிவையுங்கள். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அது இல்லை. கணிதப் பகுதியில் எண்கணிதமும் அட்சரகணிதமும்தான்: 45 நிமிடத்தில் 21 வினா. கணிப்பானும் தரமாட்டார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். சாதாரண தரத்தில் மடக்கை அட்டவணையோடு மல்லுக்கட்டியவர்தானே நீங்கள்.

உங்கள் நேரத்தைத் தின்பது பள்ளிக்கூடப் பழக்கம் என்று நினைக்கிறேன். அங்கே செய்கைக்குப் புள்ளி உண்டு. அதனால் ‘எக்ஸ் என்க’ என்று தொடங்கி வரிவரியாக எழுதப் பழகினோம். இங்கே உங்கள் செய்கையை யாரும் பார்ப்பதில்லை. ஐந்து விடைகளில் ஒன்றைத் தொடுகிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் இயந்திரக் கணக்கையே நம் வயலுக்குக் கொண்டுவருவோம். ஒரு வெட்டு மெசின் ஒரு வயலை 6 மணித்தியாலத்தில் வெட்டும். இன்னொன்று 12 மணித்தியாலத்தில். இரண்டும் சேர்ந்தால்? விடைகள்: 3, 4, 6, 9, 18. பேனையைத் தொடாமல் யோசியுங்கள். வேகமான மெசின் தனியாகவே 6 மணித்தியாலத்தில் முடிக்கும். துணைக்கு இன்னொன்று வந்தால் 6க்குக் குறைய வேண்டும். 6, 9, 18 போய்விட்டன. துணைக்கு வந்ததும் அதே வேகமென்றால் 3 மணித்தியாலம். வந்ததோ மெதுவானது, ஆகவே 3க்குக் கூட. மிச்சம் 4 மட்டும். 9 ஏன் அங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறவருக்கு வைத்த கண்ணி அது.

விடைகள் நெருக்கமாக இருந்தால் இந்த வித்தை போதாது. அப்போது வயலை 12 ஏக்கர் என்று வையுங்கள். ஒன்று மணிக்கு 2 ஏக்கர், மற்றது 1 ஏக்கர், சேர்ந்து 3. 12ஐ 3ஆல் வகுத்தால் 4. பின்னமே வரவில்லை. 12 என்பது 6, 12 இரண்டின் பொ.ம.சி.; அதற்காகவே எடுத்தோம்.

நூற்றுவீதக் கணக்கில் அந்த இடத்துக்கு 100 வரும். நெல் விலை 25 வீதம் ஏறிப் பிறகு 20 வீதம் இறங்கினால்? 100, 125, மறுபடி 100. ஐந்து வீத இலாபம் என்று நினைத்தவர் அதோடு மாட்டிக்கொண்டார்.

ஒரு கணக்கு மூன்று நிமிடத்தில் மசியாவிட்டால், ஏதோ ஒரு விடையைத் தொட்டு, குறித்துவைத்துவிட்டு நகருங்கள். பகுதியின் முடிவில் திரும்பி வரலாம். மூன்று விடைகள் வரை மாற்ற அனுமதி உண்டு. வினாக்களை முடிக்காமல் விட்டால்தான் புள்ளி பலமாக அடிபடும்.

இன்னொன்று. இந்தப் பரீட்சைக்குக் கட்டணம் டொலரில். இலங்கையில் பல எம்.பி.ஏ. கற்கைநெறிகள் தங்கள் சொந்தத் தெரிவுப் பரீட்சையைத்தான் வைக்கின்றன. நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் இடம் ஜிமாற் கேட்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.