நாலாக மடித்த டேப்

கேள்வி:

தேனி அல்லிநகரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் தையல், ஆடை வடிவமைப்பு டிப்ளமோ வகுப்பு எடுக்கிறேன். பத்து வருடம் கடையில் மெஷின் மிதித்த அனுபவத்தைப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வகுப்பில் 22 பேர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்கள், ஏலக்காய் எடுப்புக் காலம் வந்தால் விடிகாலையில் ஜீப் ஏறி மலைக்குப் போய்விடுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

போன வாரம் ஜாக்கெட் கட்டிங். மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு எடுக்க வேண்டும் என்று போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். புரிந்ததா என்று கேட்டதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் துணியை வெட்டச் சொன்னேன், பாதிப் பேர் தப்பாக வெட்டினார்கள். ஒரு பெண் கணக்கே போடாமல் டேப்பை இரண்டு தடவை மடித்து மார்க் பண்ணினாள். இருந்த கோபத்தில் அவளைத் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு முறையான பயிற்சி இல்லாததுதான் இதற்கெல்லாம் காரணமா? மதுரைக்கோ சென்னைக்கோ போய் வாரக்கணக்கில் தங்கிப் படிக்க வீட்டுச் சூழ்நிலை இடம் தராது. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, அல்லிநகரம்

பதில்:

உங்கள் கடிதத்தில் நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கும் அந்தப் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறேன். அவள் செய்தது சரி.

34 இன்ச் மார்புச் சுற்றளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்பின் முனையை 34-ல் வைத்து மடித்தால் மடிப்பு 17-ல் விழும். இன்னொரு தடவை மடித்தால் எட்டரை. போர்டில் நீங்கள் போட்ட வகுத்தலுக்கும் இதே விடைதான். வகுத்தல் போடாமலே அந்தப் பெண் கால் பங்கைக் கையால் கண்டுபிடித்திருக்கிறாள். மறுநாள் தப்பாக வெட்டியவர்கள் உங்கள் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டவர்கள். அவளோ அதன் பொருளைப் பிடித்துக்கொண்டவள். எண்ணும் தேவைதான், அதை மறுக்கவில்லை. போனில் அளவு சொல்லும் வாடிக்கையாளருக்கும், லூசும் தையலுக்கு விடும் துணியும் கூட்டிப் பார்ப்பதற்கும் கணக்கு வேண்டும். ஆனால் முதலில் மடிப்பு, அதன் கீழே கணக்கு என்ற வரிசையில் போயிருந்தால் 22 பேரும் கூடவே வந்திருப்பார்கள்.

இது உங்கள் ஒருவருடைய குறை இல்லை. பள்ளியும் கல்லூரியும் கைவிட்டவர்களுக்காகத்தான் நம் நாட்டில் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் என்ற ஊரில் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. நம் பக்கத்தில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது, மறு ஆண்டே சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டம் இன்னொன்றைத் தொடங்கியது. சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் இந்தக் கருத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்றார். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், களப்பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் என்று நாலு பகுதியாகப் பாடத்தை வகுத்தார்கள். 2013-14-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. இங்கே தொழில் தெரிந்தவரே ஆசிரியராக வர வேண்டும் என்ற எண்ணம் சரியானது. ஆனால் தொழில் தெரிவது வேறு, அதைக் கற்றுத் தரத் தெரிவது வேறு. இந்த இரண்டாவதைப் பல இடங்களில் ஆசிரியரின் தலையிலேயே விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் அது கால் பங்குதான். உடன் பயில்கிறவர்களோடு பேசிப் பழகும்போது இன்னொரு கால் சேரும். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கைக்கு வரும். மாணவருக்குச் சொன்ன கணக்கு இது. ஆசிரியர் வேலையைக் கற்றுக்கொள்ளும் நமக்கும் இதே கணக்குத்தான்.

முதல் கால் பங்கு வெளியிலிருந்து வரும் பயிற்சி. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, கல்லூரி ஆசிரியர்களுக்கென்று பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்கள் அமைந்தன. 2023-லிருந்து அவற்றுக்கு மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்று பெயர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு. தேனியிலிருந்து உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போகும் பேருந்து அந்தப் பல்கலை நகர் வழியாகத்தான் போகிறது. ஆன்லைனிலும் இந்த மையங்கள் வகுப்பு நடத்துகின்றன. உங்களைப் போன்ற ஆசிரியருக்கு இடம் உண்டா என்று முதல்வர் மூலமாக எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். சென்னை தரமணியில் 1964-லிருந்து இருக்கும் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் தொழில்நுட்பப் பாடம் எடுப்பவர்களுக்கென்றே உள்ளது. ஸ்வயம் இணையதளத்தில் கற்பித்தல் பற்றிய பாடங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கவில்லை என்று மீதி முக்கால் பங்கையும் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது கால் பங்கு உங்கள் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்து அறையில் டூவீலர் மெக்கானிசமோ கம்ப்யூட்டரோ எடுப்பவரிடம் போய், மாதம் ஒரு நாள் அவர் வகுப்பில் நீங்களும் உங்கள் வகுப்பில் அவரும் ஒரு மணி நேரம் உட்கார்வோமா என்று கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: ஆசிரியர் எப்படிப் பேசினார் என்று குறிக்கக் கூடாது, பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று மட்டும் குறிக்க வேண்டும். எத்தனை பேர் கையில் பொருள் இருந்தது, யார் வாயே திறக்கவில்லை, எந்த நிமிடத்தில் கடைசி வரிசை ஜன்னல் பக்கம் திரும்பியது என்று குறித்தால் போதும். யாரும் யாருக்கும் மார்க் போடாததால் மனக்கசப்பு வராது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஆசிரியர் இப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று நான் கேட்ட ஒன்பது தடவையும் முன்வரிசை மூன்று பேர்தான் பதில் சொன்னதாகச் சொன்னார். அன்றோடு அந்தக் கேள்வியை விட்டேன்.

அதற்குப் பதில் என்ன கேட்பது? ஹார்வர்டில் புள்ளியியல் நடத்திய ஃபிரெடரிக் மோஸ்டெல்லர், வகுப்பு முடியும்போது, இன்றைய பாடத்தில் மிகவும் கலங்கலாக இருந்த இடம் எது என்று துண்டுத்தாளில் எழுதச் சொல்வார். பேட்ரீஷியா கிராஸ், தாமஸ் ஏஞ்சலோ இருவரும் இது போன்ற வழிகளைத் தொகுத்து ஆசிரியர்களுக்கென்று புத்தகம் போட்டார்கள். "புரிஞ்சுதா?" என்றால் புரியாதவர் தலையைக் குனிந்துகொள்வார். எங்கே கலங்கியது என்று கேட்டால், கலங்குவது இயல்புதான் என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

உங்கள் வகுப்பில் எழுதத் தயங்குகிறவர்களும் இருப்பார்கள். அதனால் தாள் வேண்டாம். பாதி தைத்த ஜாக்கெட் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். வகுப்பு முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் தனக்குக் குழம்பிய இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டுப் போகட்டும். யார் குத்தியது என்று நீங்கள் பார்க்க வேண்டாம். எல்லாரும் போன பிறகு போய்ப் பாருங்கள். கழுத்தில் இரண்டு, கையில் மூன்று, அக்குள் வளைவில் பன்னிரண்டு என்று இருந்தால் மறுநாள் பாடம் அக்குள் வளைவில்தான் தொடங்க வேண்டும். பாடத்திட்டத்தில் அடுத்தது பட்டி என்று இருந்தாலும் அது ஒரு நாள் காத்திருக்கட்டும்.

மீதி அரைப் பங்கு, எடுத்துச் சொல்வதில் இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டு வரும் பெண்களுக்கு விட்டுப்போன பாடத்தை நீங்களே திரும்ப நடத்திக் களைத்துப்போகாதீர்கள். தினமும் முதல் கால் மணி நேரம், வந்திருந்தவர் வராதவருக்குத் துணியை வைத்துச் செய்து காட்டட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். வராதவருக்குப் பாடம் கிடைக்கும், சொல்லிக்கொடுப்பவருக்கு அது ஆழமாகப் பதியும். உங்களுக்கும் ஒன்று கிடைக்கும்: நீங்கள் சொன்னது அவர்கள் காதில் எப்படி விழுந்தது என்று அப்போதுதான் தெரியும். எனக்குத் தெரிந்து ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய பயிற்சி இல்லை. வீரபாண்டிக் கோயில் திருவிழா, அறுவடை என்று வகுப்பு காலியாகும் நாட்கள் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த வாரங்களில் புதிய பாடம் எடுக்காமல், ஒரே நாளில் தொடங்கி முடிகிற வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி கட்டுவது, காஜா எடுப்பது, ஓரம் அடிப்பது போதும்.

கடைசியாக, 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினமும் மூன்று வரி எழுதினால் போதும்: இன்று என்ன நினைத்துப் போனேன், ஊசி எங்கே குவிந்தது, அடுத்த தடவை எதை மாற்றுவேன். ஒரு பருவம் முடியும்போது அது உங்கள் கையாலேயே எழுதிய பயிற்சி நூலாக இருக்கும்.

நாளைக்குப் போனதும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ செஞ்சது சரிம்மா, நான்தான் கவனிக்கல. எல்லாருக்கும் ஒரு தடவ காட்டு" என்று சொல்லுங்கள். அவள் டேப்பை மடித்துக் காட்டியதும், பக்கத்திலேயே போர்டில் 34-ஐ நாலால் வகுத்துக் காட்டுங்கள். பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மடிப்பை அவள் பெயரோடு எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் கட்டிங் எடுக்கும்போது, இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.