பிறர் பசுவுக்கு நாம் இடும் தீனி

பசுவுக்கு ஒரு வாய் இரை அளிப்பது எவர்க்கும் எளிய அறம் என்று திருமந்திரம் கூறும். அவ்வறம் நம்மிடையே இன்றும் வாழ்கிறது. அமாவாசையன்று அகத்திக்கீரை, பொங்கலன்று சோறு, விருந்து முடிந்தபின் எஞ்சியவை என எதிர்ப்பட்ட மாட்டுக்கெல்லாம் கொடுத்து மகிழ்கிறோம். (திருமூலர் சொன்னது ஒரு வாய், ஒரு வாளி அன்று.) அம்மாட்டுக்கு உடையவர் ஒருவர் உண்டே! அவரைக் கேளாமல் இடும் தீனி என்ன செய்யும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கிடைத்ததை விரைந்து விழுங்கிப் பின்னர் அசைபோடும். அதன் இரைப்பையில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றுள் பெரியது வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களே புல்லையும் வைக்கோலையும் செரிக்கச் செய்கின்றன. புதுத் தீனிக்கு அவை பழக இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். சோறோ மாவுப் பண்டமோ திடீரென மிகுதியாகப் புகுந்தால், புல்லைச் செரிக்கும் உயிர்கள் மடிய, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குபவை பெருகும். உடலின் நீரை அவ்வமிலம் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். மாடு அசைபோடாது, கழியும், படுத்துவிடும், மருத்துவம் தாமதித்தால் ஓரிரு நாளில் இறந்தும் போகும்.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2024 சூன் திங்களில், கொல்லம் மாவட்டம் வெளிநல்லூரில், பரோட்டாவும் பலாப்பழமும் மிகுதியாகத் தின்ற ஐந்து பசுக்கள் மாண்டன. அத்தீனி பண்ணையிலேயே இடப்பட்டது. நாள்தோறும் வளர்ப்பவர் கையிலேயே அளவு தப்புமாயின், வழிப்போக்கராகிய நாம் எந்த அளவை அறிவோம்? நாம் வைப்பது ஒரு கிண்ணந்தான். காலையில் அடுத்த தெருவார் வைத்தது எத்தனை கிண்ணம்? அதைக் கூட்டிப் பார்க்கக் கூடியவர் உடையவர் ஒருவரே. அவருக்கோ நாம் சொல்வதில்லை.

பாலக்காட்டு மாவட்டத்து முதலமடையை எண்ணிப் பாருங்கள். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லையூர்; மாந்தோப்புகளால் பெயர்பெற்றது. அதை உள்ளடக்கிய சித்தூர் வட்டமோ பால்வளம் உடையது. உதிர்ந்த மாம்பழத்தை மாட்டுக்கு எறிவது அன்பின் செயலாகவே தோன்றும். ஆனால் முழுதாக விழுங்கிய பழத்தின் கொட்டை உணவுக்குழாயில் சிக்கினால், வயிற்றில் ஊறும் வாயு ஏப்பமாக வெளியேற வழியில்லை. வயிறு உப்பி, சில மணி நேரத்தில் உயிருக்கே கேடு வரும். கழித்துப் போட்ட தழை இன்னும் கொடியது. 2024 மே திங்களில் அடூர் அருகே அரளி இலை தின்ற பசுவும் கன்றும் இறந்தன. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு.

நாய் பூனைகளுக்கும் இது பொருந்தும். நாம் விரும்பும் சாக்லேட்டும் வெங்காயமும் அவற்றுக்கு ஆகா.

கறவை மாட்டை நம்பிப் பால் சங்கத்தில் பால் ஊற்றும் வீட்டில், மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டாலே அன்றைய வரவு குறையும். "அக்கா, மாட்டுக்கு இதைப் போடலாமா?" என்று ஒரு சொல் கேட்பதில் நமக்கு என்ன குறை? முன்பே கொடுத்துவிட்டோமாயின், வெட்கப்படாமல் உடையவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்: கொடுத்தது எது, எவ்வளவு, எப்போது. கால்நடை மருத்துவர் வந்ததும் முதலில் கேட்பவை இம்மூன்றுமே.