குடும்ப மர்மப் புதினத்தில் மறைத்தலும் மறுவாழ்வும்: செலஸ்ட் இங்கின் ‘லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்’

குடும்ப மர்மப் புதினத்தில் அச்சம் தெருவிலிருந்து வருவதில்லை, வீட்டிற்குள்ளேயே முளைக்கிறது. தாயும் மகளும் பழைய வாழ்வைத் துறந்து வேற்றூரில் குடியேறுவது இவ்வகைமையின் பழகிய தொடக்கங்களுள் ஒன்று. பெரும்பாலும் கொடிய கணவனொருவன் அவர்களைத் தேடி வருவான். அமெரிக்க எழுத்தாளர் செலஸ்ட் இங் 2017இல் வெளியிட்ட இப்புதினம் அத்தொடக்கத்தை ஏற்றுக்கொண்டு, தேடி வருபவரை மாற்றிவிடுகிறது. அம்மாற்றத்தின் விளைவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைக்களம் ஒகையோ மாநிலத்தின் ஷேக்கர் ஹைட்ஸ். காலம் 1990களின் பிற்பகுதி. இங் தாமே வளர்ந்த இப்புறநகர் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. குப்பைத் தொட்டிகூடத் தெருவில் தென்படலாகாது என்பது அங்குள்ள ஒழுங்கு. ஒளிப்படக் கலைஞரான மியாவும் பதினைந்து வயது மகள் பேர்லும் வாடகைக்குக் குடியேறும் வின்ஸ்லோ சாலை வீடு இரு குடும்பங்களுக்கானது. ஆயினும் வெளியிலிருந்து காண்போர்க்கு ஒரே வீடாகத் தோன்றுமாறு கட்டப்பட்டது. ஊரே மறைத்தலைக் கட்டடக்கலையாகக் கொண்டிருக்கிறது என்பதால், மறைத்து வாழும் தாயொருத்தி இங்கு விதிவிலக்கு ஆவதில்லை. இப்புதினத்தின் நுட்பமான பகுதி இதுவே எனலாம்.

ரிச்சர்ட்சன் குடும்பத்தின் வீடு எரிவதையும் அதை எரித்தவள் இளைய மகள் இஸி என்பதையும் புதினம் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. ‘யார்’ என்ற வினா அங்கேயே முடிந்து, ‘ஏன்’ என்பது நூல் முழுதும் நீள்கிறது. மியாவின் கடந்த காலத்தைத் துருவுபவர் வீட்டு உரிமையாளரும் செய்தியாளருமான எலினா ரிச்சர்ட்சன். தாம் செய்வது நன்மையே என நம்பும் ஒருவர் வேட்டையாடுபவராவதே இங்கு அச்சத்தின் ஊற்று.

மியா இளமையில் நியூயார்க்கில் ஓர் இணையருக்காகக் கருவைச் சுமக்க ஒப்புக்கொண்டவர். சகோதரன் வாரன் இறந்தபின், கரு கலைந்துவிட்டதென எழுதிவைத்துவிட்டு மறைந்தவர். அவருடைய இப்போதைய குடும்பப்பெயரே அச்சகோதரனின் பெயர்தான். அனைத்தும் அறிந்த கதைசொல்லி இவற்றைப் பேர்லுக்கு முன்பே வாசகருக்கு அறிவித்துவிடுகிறார். எனவே பதற்றம் இரகசியம் எது என்பதில் இல்லை. மகள் அதை யார் வாயால் அறிவாள் என்பதில் உள்ளது. வண்டியில் ஊரைவிட்டு நீங்கும் நிலையில், தாயே அதைச் சொல்கிறார்.

பீபி சௌ என்னும் சீனத் தாய், வறுமையால் கைவிட்ட தன் குழந்தையை வளர்ப்புப் பெற்றோரான மெக்கல்லா குடும்பத்தாரிடமிருந்து மீட்கத் தொடுக்கும் வழக்கு, மியாவின் வரலாற்றையே நீதிமன்றத்தில் மறுமுறை விசாரிப்பதாக அமைகிறது. தமிழ் அகமரபில் நற்றாயும் செவிலியும் ஒருவரையொருவர் வெல்ல வேண்டியவர்கள் அல்லர். இங்கோ சட்டம் ஒருத்தியையே தாயாக ஏற்கும். தீர்ப்பில் தோற்ற பீபி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சீனா செல்கிறாள்.

மியாவிடம் ஆசிரியர் காட்டும் பரிவு மிகுதி. ஏமாற்றப்பட்ட இணையரின் இழப்பு அதனால் போதிய கனம் பெறவில்லை. புதினத்தின் குறை இது. எலினாவின் பாத்திரத்தை எள்ளலோடு முடித்துவிடாதது அதை ஓரளவு ஈடுசெய்கிறது. அயலாளின் மகள் பிறந்த கதையைத் தோண்டியவர், இறுதியில் வீட்டுக்குத் தீயிட்டு ஓடிப்போன தம் மகளைத் தேடத் தொடங்குகிறார்.