விண்டோஸ் 11-க்கு மாறிய அச்சகத்தில் பேஜ்மேக்கர் முரண்டுபிடித்தால்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி விண்டோஸ் 11 ஏற்றிய சிறு அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் ஒரே புலம்பல்தான்: "மத்ததெல்லாம் ஓடுது, பேஜ்மேக்கர் மட்டும் ஓட மாட்டேங்குது." கொஞ்சம் விசாரித்தால் பின்னாலேயே பில்லிங், தமிழ் கீபோர்டு, டாங்கிள் என்று வரிசை நீளும்.

பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001-ல். அதற்குப் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. "இன்டிசைனுக்குப் போங்க சார்" என்று அறிவுரை சொல்வது சுலபம். ஆனால் "போன வருஷம் அக்கா கல்யாணத்துக்கு அடிச்சீங்களே, அதே மாதிரி, பேரை மட்டும் மாத்திக் குடுங்க" என்று ஒருவர் வந்து நிற்கும்போது அந்தப் பழைய கோப்பு திறந்தாக வேண்டும்.

இப்படித் தகராறு செய்யும் மென்பொருள் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. அது நம்பியிருக்கும் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கும்: அனுமதி, எழுத்துரு, பிரின்டர், டிரைவர். எது மாறியது என்று பார்க்காமல் அழித்து அழித்து இன்ஸ்டால் செய்வதால் நேரம்தான் போகும். கீழே உள்ள வரிசை அதைத் தேடிப் பிடிப்பதற்கானது. பேஜ்மேக்கரை வைத்துச் சொல்கிறேன். பழைய மென்பொருள் எதற்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. ஏற்றுவதற்கு முன்

முகூர்த்த சீசனில் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் 'சிஸ்டம் டைப்' வரியைப் படியுங்கள். 32 பிட் என்று இருந்தால் கவனம் தேவை. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே இருப்பதன் மேலேயே அப்கிரேடு செய்ய முடியாது. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். எல்லா மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ நிரல்களும், விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களும் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் பலன் இல்லை. அவற்றுக்கான வழி கடைசியில் இருக்கிறது.

சில நிரல்கள் 32 பிட்டாக இருக்கும். அவற்றின் செட்டப் கோப்பு மட்டும் 16 பிட்டாக இருக்கும். 90-களின் சிடிகளில் இது சகஜம். சிடியைப் போட்டதும் 'இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது' என்று வந்தால் நிரலையே குற்றம் சொல்லிவிடாதீர்கள், செட்டப் காரணமாக இருக்கலாம்.

அப்கிரேடு முறையில் ஏற்றினால், முதல் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் 'கோ பேக்' அழுத்திப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதற்குள் இடம் போதவில்லை என்று 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரை யாராவது காலி செய்துவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. புதிதாக ஏற்றியவர்களுக்கு இந்த வசதி ஆரம்பத்திலிருந்தே இல்லை.

2. காணாமல் போகும் கணக்கு

நடைமுறையில் அதிகம் பேரைக் கலங்கடிப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய பில்லிங் நிரல்கள் தங்கள் தரவை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே எழுதும்படி செய்யப்பட்டவை. விஸ்டா வந்ததிலிருந்து அங்கே எழுத நிர்வாகி அனுமதி வேண்டும். ஆனால் எழுதவிடாமல் தடுத்தால் பழைய நிரல்கள் படுத்துவிடும். அதனால் விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. நிரல் எழுதுவதை எழுத விட்டு, கோப்பை மட்டும் வேறிடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர். நிரலுக்கு இது தெரியாது, நமக்கும் தெரியாது.

இதனால் இரண்டு வில்லங்கம் வரும். புதிதாக விண்டோஸ் ஏற்றுபவர் 'புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துவிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பார். திரும்ப வைத்துத் திறந்தால் ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய பில்களோ காலிக் கணக்கோதான் இருக்கும். உண்மையான தரவு விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்தபோது அதுவும் போய்விட்டது.

இன்னொன்று, நிரல் அடம்பிடிக்கிறதே என்று 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' போடுவீர்கள். அந்த நொடியில் இந்தத் திருப்பிவிடல் நின்றுவிடும். நிரல் நேராக அசல் ஃபோல்டரைப் படிக்கும். நேற்றுவரை போட்ட பில்கள் மாயமாகும். பதற வேண்டாம், அழியவில்லை. அந்த நிலையில் புதிய பில் போடாதீர்கள். போட்டால் கணக்கு இரண்டாகக் கிளைவிடும். நிரலை மூடிவிட்டு விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நிரந்தரத் தீர்வு எளிது. பழைய நிரல்களைப் புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவாதீர்கள். சி டிரைவின் நுழைவிலேயோ டி டிரைவிலோ தனி ஃபோல்டர் போட்டு அங்கே நிறுவுங்கள். ஏற்கனவே உள்ள தரவை அங்கே கொண்டுவந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் தேவையே பெரும்பாலும் இருக்காது.

3. கம்பாட்டிபிளிட்டி

நிரலின் இஎக்ஸ்இ கோப்பில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிளிட்டி. அதில் 'விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3' தேர்ந்தெடுங்கள். பேஜ்மேக்கருக்கு இதுவே பல இடங்களில் போதுமாக இருக்கிறது. டூல் பெட்டிகள் எறும்பளவில் தெரிந்தால், அதே பக்கத்தில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' திறந்து, ஸ்கேலிங்கை 'சிஸ்டம்' பார்த்துக்கொள்ளும்படி மாற்றுங்கள்.

ஒன்றை மாற்றியதும் திறந்து பாருங்கள், பிறகு அடுத்தது. ஐந்தாறு டிக்கை ஒரே மூச்சில் போட்டால், எது வேலை செய்தது என்று அடுத்த மெஷினில் ஏற்றும்போது தெரியாது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக்கைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கவிளைவுகள் உண்டு: அட்மினாக ஓடும் நிரலுக்குள் கோப்பை இழுத்துப் போட முடியாது, நெட்வொர்க்கில் இணைத்து வைத்த டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

டாட்நெட் கேட்டு நிற்கும் நிரல்களுக்கு, 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் 3.5-க்கு டிக் போட்டால் போதும். 2.0-வும் 3.0-வும் அதற்குள்ளேயே அடக்கம்.

4. தமிழ் வராவிட்டால்

முதல் அறிகுறி: நோட்பேடில் தமிழ் அடிக்கிறது, பேஜ்மேக்கரில் மட்டும் அடிக்க மாட்டேன் என்கிறது. என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவை உங்கள் விசை அழுத்தத்தை இடைமறித்துத் தமிழாக மாற்றித் தருபவை. பேஜ்மேக்கரை அட்மினாக ஓடவிட்டு, கீபோர்டு மென்பொருளைச் சாதாரணமாக ஓடவிட்டால், கீழ்நிலையில் இருப்பது மேல்நிலைக்கு எதையும் அனுப்ப விண்டோஸ் விடாது. இரண்டையும் ஒரே நிலையில் ஓட்டுங்கள். இரண்டுமே சாதாரண நிலையில் ஓடினால் நல்லது, முடியாவிட்டால் இரண்டையும் அட்மினாக்குங்கள்.

இரண்டாவது: வேர்டில் தெரியும் எழுத்துரு பேஜ்மேக்கர் பட்டியலில் இல்லை. எழுத்துருக் கோப்பை இருமுறை தட்டி 'இன்ஸ்டால்' கொடுத்திருப்பீர்கள். 2018-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, அந்த பட்டன் எழுத்துருவை உங்கள் தனிக் கணக்குக்கு மட்டும்தான் நிறுவுகிறது. பழைய நிரல்கள் பொது எழுத்துரு ஃபோல்டரை மட்டுமே பார்த்துப் பழகியவை. நிறுவியதை நீக்கிவிட்டு, கோப்பில் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். கண்ணில் படாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்துங்கள்.

மூன்றாவது கொஞ்சம் விநோதமானது. எழுத்துரு இருக்கிறது, சில எழுத்துகள் சரியாகவும் வருகின்றன, ஆனால் பல இடங்களில் கட்டமும் கேள்விக்குறியும். கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், 'சேஞ்ச் சிஸ்டம் லொகேல்' திறங்கள். 'யூடிஎஃப்-8' என்று ஒரு பீட்டா டிக் இருக்கும். அது போட்டிருந்தால் எடுத்துவிட்டு, மொழியை ஆங்கிலத்தில் வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாம், டாப் வகை எழுத்துருக்கள் தமிழின் பல எழுத்துகளைப் பழைய எட்டு பிட் குறியீட்டின் மேல்பாதியில் ஒளித்து வைத்திருப்பவை. அந்த டிக் மேல்பாதியைக் கலைத்துவிடும். தமிழ் நன்றாக வரட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் போட்ட டிக்காக இருக்கும்!

5. பிரின்டரும் டாங்கிளும்

பேஜ்மேக்கர் ஒரு பிரின்டரை மனதில் வைத்தே பக்கத்தைக் கோக்கும். டாக்குமென்ட் செட்டப்பில் 'கம்போஸ் டு பிரின்டர்' என்ற இடத்தில் இப்போது இல்லாத பிரின்டரின் பெயர் இருந்தால், இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். செட்டிங்ஸில் 'டிஃபால்ட் பிரின்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசியாக எதில் அடித்தீர்களோ அதுவே டிஃபால்ட் ஆகிவிடும்.

எழுத்துருத் தொகுப்புகள் சில டாங்கிளோடு விற்கப்பட்டவை. டாங்கிளைக் கழற்றி வையுங்கள். தயாரித்தவரின் தளத்தில் உள்ள புதிய 64 பிட் டிரைவரை நிறுவிய பிறகு செருகுங்கள். சிடியில் வந்த டிரைவரைத் தொட வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மெமரி இன்டக்ரிட்டி' என்ற பாதுகாப்பு பழைய டிரைவரைத் தடுத்தால், எது தடுக்கப்பட்டது என்று அங்கேயே பெயர் காட்டும். அதை அணைத்துவிடச் சொல்பவர்கள் நிறைய. இணையத்தில் இணைந்த மெஷினில் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். புதிய டிரைவர் இல்லையென்றால் அந்த வேலையை அடுத்த படிக்குத் தள்ளுங்கள்.

6. எதற்கும் மசியாதவற்றுக்கு

டாஸ் நிரல் என்றால் வி-டாஸ் பாருங்கள். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகப் பிறந்தது. அதை அடியொற்றி வந்த வி-டாஸ் கணக்கு நிரல்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, விண்டோஸ் பிரின்டரிலேயே அச்சடிக்கும்.

மற்றவற்றுக்கு மெய்நிகர் கணினி. ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதற்குள் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஏற்றி, பேஜ்மேக்கரை அங்கே நிறுவி, ஷேர்டு ஃபோல்டர் ஒன்றால் வெளியே இணையுங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கானவை 2020 ஜனவரியிலும் நின்றுவிட்டன. ஆகவே உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு நெட்வொர்க் இணைப்பை அறவே துண்டித்துவிடுங்கள். எல்லாம் ஓடியதும் ஒரு ஸ்னாப்ஷாட். பழைய மெஷின் இன்னும் உயிரோடு இருந்தால், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் டிஸ்க்-டு-விஎச்டி என்ற சின்ன நிரல் அந்த வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துத் தரும். மெஷினோடு வந்த ஓஇஎம் உரிமத்தை இப்படி மாற்றிக்கொள்ள இடமில்லை; தனி உரிமம் தேவைப்படும்.

பேஜ்மேக்கர் கோப்புகளை மெல்ல வெளியே எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றை நேரடியாகத் திறக்கும் கடைசி இன்டிசைன் சிஎஸ்6-தான். சிசி பதிப்புகள் திறக்காது. டைப் 1 எழுத்துருக்களையும் அடோபி 2023 ஜனவரியோடு கைவிட்டது. எனவே முதலில் பேஜ்மேக்கரிலிருந்தே ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆக்குங்கள். சிஎஸ்6-இல் திறந்து சேமித்த பக்கத்தை அந்தப் பிடிஎஃப் பக்கத்தில் வைத்து, வரி முறிவும் ஒற்றுப் புள்ளியும் மாறவில்லையே என்று ஒரு ஆள் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி மறுபதிப்பு வரும் பில் புக், லெட்டர்ஹெட், காலண்டர் அடிப்பகுதி ஆகியவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். பத்து வருடமாக யாரும் கேட்காத பத்திரிகைகளுக்குப் பிடிஎஃப் மட்டும் போதும்.