வினைக்கு அடையாகும் சொற்கள்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் பங்குனித் தேர் மாட வீதிகளில் வரும்போது, 'தேர் மெல்ல வருகிறது' என்பர் காண்போர். 'வருகிறது' என்பது வினை. அவ்வினை நிகழும் தன்மையை 'மெல்ல' என்னும் சொல் உணர்த்துகிறது. இத்தகைய சொல்லை ஆங்கில இலக்கணம் 'அட்வெர்ப்' என வழங்கும். தமிழில் அதனை வினையடை என்பர்.

நன்னூலார் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார். வினையடைக்கு அங்குத் தனி வகை இல்லை; 'மெல்ல' என்பது குறிப்பு வினையெச்சமாக அடங்கும். 1838ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் வினையடையாக வழங்குவன பெயர்களோ வினை வடிவங்களோதாம் எனக் கருதினார். 'மெதுவாக' என்பதிலுள்ள 'ஆக'வும் 'ஆ' என்னும் வினையடியிற் பிறந்ததன்றோ!

ஆங்கிலத்திலோ பெயரடையோடு 'லி' என்னும் விகுதி சேர, வினையடை பிறக்கும். 'ஸ்லோ' என்றால் மெதுவான. 'ஸ்லோலி' என்றால் மெதுவாக. இவ்விகுதியும் முற்காலத்தில் உடல், வடிவம் என்று பொருள்பட்ட ஒரு தனிச்சொல்லின் வழிவந்ததே. 'ஹாப்பி' என்பதன் ஈற்றிலுள்ள 'ஒய்' என்னும் எழுத்து, 'லி' சேருங்கால் 'ஐ' எனத் திரியும். இது தமிழ்ப் புணர்ச்சியில் வரும் திரிதலை ஒத்தது.

ஆயினும், 'ஆக' வருமிடமெல்லாம் 'லி' வரும் என எண்ணுதல் தவறு. மாம்பலம் நிலையத்தில் நிற்போர், 'வண்டி லேட்டாக வந்தது' என்பர். ஆங்கிலத்தில் அவ்விடத்து 'லேட்' என்பதே போதும். 'லேட்லி' என்றால் 'அண்மைக் காலமாக' என்று பொருளாகிவிடும். 'ஃபாஸ்ட்' என்னும் சொல் 'லி' ஏற்பதே இல்லை.

'ஹார்ட்' என்னும் சொல்லில்தான் இடர் மிகுதி. அடையாற்றில் ஓர் அலுவலகத்திற்கு வேலை வேண்டி விண்ணப்பிக்கும் இளைஞன், தான் கடினமாக உழைப்பவன் என்று கூற விரும்பி, 'ஐ வொர்க் ஹார்ட்லி' என எழுதினால் என்னாகும்? 'நான் உழைப்பதே அரிது' என்றன்றோ அதிகாரி படிப்பார்! 'ஐ வொர்க் ஹார்ட்' என்பதே அவன் எழுத வேண்டுவது.

'பிரெண்ட்லி' என்பதும் 'லி' என்றே முடிகிறது. எனினும் அது வினையடை அன்று. 'பிரெண்ட்' என்பது பெயர்ச்சொல். பெயரோடு சேரும் 'லி' பெரும்பாலும் பெயரடையையே தரும். ஆதலின், விகுதியை மட்டும் பாராது, அது எச்சொல்லோடு சேர்ந்துள்ளது என்பதையும் மாணவர் நோக்குதல் வேண்டும்.